கம்பெனி கேட்டில் நின்ற நேரத்தை ரிஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடலூர், புதுச்சேரி லாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் லாரி வைத்துத் தொழில் செய்யும் முதலாளிமார்களுக்கும், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பெயரைப் போட்டால் நான் வேலை பார்த்த ஆபீஸின் பெயரும் கூடவே வந்து நிற்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். பதினோரு வருஷம் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். எல்.ஆர். என்கிற சரக்கு ரசீது போடுவது, வாடகை பேசுவது, டிரைவருக்கு அட்வான்ஸ் கொடுப்பது, நடை முடிந்து வந்தால் டிரிப் ஷீட்டை முடிப்பது, அப்புறம் டிரைவர்களின் வேலை நேர ரிஜிஸ்டர் எழுதுவது. இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இந்த மடல்.

எழுதுவது என்றால் தினமும் எழுதுவது இல்லை. மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, ஒரு டீயைச் சொல்லிவிட்டு, அத்தனை டிரைவர்களுக்கும் முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். காலை 6 முதல் 11, அரை மணி ஓய்வு, 11.30 முதல் 2.30, மொத்தம் எட்டு மணி நேரம். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று நாலு நாளைக்கு ஒரு தடவை பேனாவை மாற்றுவேன். எல்லா நாளும் எட்டாக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடும், அங்கங்கே ஏழே முக்கால் போடு என்று எனக்கு முன்னால் இருந்த கிளார்க் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு வருஷம் வேகத்தில் பிப்ரவரி 30-ஆம் தேதியும் ஒரு டிரைவரை வேலை பார்க்க வைத்துவிட்டேன். இன்றைய தேதி வரை அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சிரித்துக்கொண்டே சொல்கிற விஷயமாகத்தான் இது எனக்கும் இருந்தது, மூன்று வருஷம் முன்னால் வரை.

எங்கள் வண்டி ஒன்று, டாரஸ் என்கிற பத்துச் சக்கர லாரி, திருச்சியில் லோடு இறக்கிவிட்டுக் காலியாக ராத்திரியில் திரும்பியது. சமயபுரம் டோலில் 1.10, செங்குறிச்சி டோலில் 3.25, கடலூருக்குள் வரும்போது விடிகாலை 5.10. டிரைவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஏழு மணிக்கெல்லாம் ஒரு தொழிற்சாலை கேட்டில் டோக்கன் வாங்கி வரிசையில் போட்டார். முன்னால் பதினாலு வண்டி. வரிசை முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒரு வண்டி நீளம் நகரும், அப்போது எழுந்து வண்டியை எடுத்து முன்னால் விட வேண்டும், விடாவிட்டால் பின்னால் இருப்பவன் உள்ளே நுழைந்துவிடுவான். அதனால் கேபினில் படுத்தாலும் அது தூக்கமில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஹாரன் சத்தத்துக்குக் காத்திருப்பது. நிழல் கிடையாது, கக்கூஸ் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, உள்ளே விட மாட்டார்கள். லோடு ஏறி, எடைமேடை முடிந்து, படுதா கட்டி, பில் கைக்கு வரும்போது ராத்திரி மணி பதினொன்று. சென்னைக்குள் பகலில் பெரிய வண்டிகளை விட மாட்டார்கள், விடிவதற்குள் இறக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து போன். போன் பண்ணியது நான்.

11.30-க்குக் கிளம்பினார். புதுச்சேரிக்குள் டீசல் விலை குறைவு என்று அங்கே போட்டுக்கொண்டார். மொரட்டாண்டி டோலில் 12.48. திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் பக்கம், ரோட்டோரமாக லைட் இல்லாமல் நின்ற ஒரு லாரியின் பின்னால் போய்ச் செருகினார். உயிர் பிழைத்தார். இடது காலில் தகடு வைத்தார்கள். எஃப்.ஐ.ஆரில் வழக்கம்போல ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. அந்த வாக்கியத்தை அச்சடித்தே வைத்திருப்பார்கள் போல.

மறுநாள் ஆபீஸில் என்னிடம் ரிஜிஸ்டரைக் கேட்டார்கள். எழுதினேன். முந்தின டிரிப் காலை 5.10-க்கு முடிந்தது, அடுத்த டிரிப் ராத்திரி 11.30-க்குத் தொடங்கியது. கணக்குப் பார்த்தால் நடுவில் 18 மணி 20 நிமிடம். அந்தக் கட்டத்தில் ‘ஓய்வு’ என்று எழுதினேன். கவனியுங்கள், இந்தத் தடவை நேரங்கள் எதுவும் பொய் இல்லை. 5.10 உண்மை, 11.30 உண்மை. ‘ஓய்வு’ என்ற ஒரே ஒரு வார்த்தைதான் பொய்.

இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஓனருக்குப் பிரச்சனை இல்லை. பதினெட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவன் நடுரோட்டில் எப்படிக் கண் அசந்தான் என்றால், தப்பு முழுக்க டிரைவர் மேல்தானே? இரண்டு மாதம் கழித்துத் தாங்குகட்டையோடு ஆபீஸுக்கு வந்து பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார், “ஏன் தம்பி, பதினெட்டு மணி நேரம் நான் ரெஸ்ட் எடுத்தேன்னு நீதான் எழுதுனியாமே, எங்க படுத்தேன்னும் எழுதிருக்கலாம்ல?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டேன். இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? தெரியும், ஆனாலும் ஒரு தடவை சேர்ந்து படிப்போம், ஏனென்றால் பதினோரு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய நானே அதை முழுசாகப் படித்தது கடை வைத்த பிறகு, ஒரு வக்கீல் நகல் எடுக்கக் கொடுத்த கட்டிலிருந்துதான். 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வைத்திருந்த கணக்கு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூர ரூட்டுக்கு அனுமதி வாங்கினால்கூட நாளைக்குப் பத்து, வாரத்துக்கு 54, அதற்கு மேல் கிடையாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது இடைவெளி வேண்டும். ஒரு நாள் டூட்டி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒன்பது மணி நேரம் தொடர்ச்சியாக விட வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி. 2020-இல் கொண்டுவந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்து இந்தப் பழைய சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டது, அதிலும் நாளைக்கு எட்டு மணி நேரம்தான்.

“எனக்கு ரெண்டு வண்டிதான்ப்பா, அந்தச் சட்டம் அஞ்சு ஆளுக்கு மேல வெச்சிருக்கிறவனுக்கு” என்று சொல்லும் அண்ணன்களுக்கு ஒரு தகவல். ஐந்து பேர் என்ற கணக்கு 1961 சட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டும் எவருக்கும் வேலை நேரம் அந்தச் சட்டத்தில் உள்ளபடிதான் என்கிறது. எத்தனை வண்டி என்று அது எண்ணுவதில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். அந்த 1961 சட்டத்தில் ‘வேலை நேரம்’ என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருந்தது. தொழிலாளி முதலாளியின் வசம், அல்லது அவருடைய வேலையைக் கேட்க உரிமை உள்ள வேறொருவரின் வசம் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். வண்டி ஓடும் நேரமும், லோடு ஏற்றி இறக்குவது, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது மாதிரியான துணை வேலைகளும் அதில் சேரும். அதோடு இன்னொன்று: சும்மா ஆஜராக இருக்கும் நேரம், அது பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால். எனக்கு முதலில் புரியவில்லை, மூன்று தடவை படித்தேன். பதினாலு நிமிடம் நின்றால் வேலை, பதினாறு மணி நேரம் நின்றால்? நம் ஆபீஸ்கள் அத்தனையும் இந்த ஓட்டை வழியாகத்தான் போய் வந்துகொண்டிருக்கின்றன. போதாததற்கு 91-ஆம் பிரிவிலேயே ஒரு வரி, டிரைவர் வேலை செய்யாமல் வண்டியிலோ வண்டி பக்கத்திலோ இருக்க வேண்டிய நேரத்தை எப்போதெல்லாம் ஓய்வாகக் கருதலாம் என்று மாநில அரசு விதி போட்டுக்கொள்ளலாம் என்கிறது. என்னைக் கேட்டால் ‘முதலாளியின் வசம் இருக்கும் நேரம்’ என்ற முதல் வரியே போதும். கேட் வரிசையில் இருக்கிறவர் வீட்டுக்குப் போக முடியாது, சட்டையைக் கழற்றிப் போட்டுத் தூங்க முடியாது, போனை அணைக்க முடியாது. அவர் யார் வசம் இருக்கிறார்?

இப்போது இன்னொரு கணக்கு. ஆல்பேட்டையிலும் முள்ளோடையிலும் எல்லையைத் தாண்டும் வண்டிகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் ஊதச் சொல்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வழக்கு. நல்லது, வேண்டியதுதான். ஆனால் 17 மணி நேரம் விழித்திருக்கிற ஒருவரின் கையும் கண்ணும் சுமார் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவர் மாதிரி தடுமாறும் என்று 1997-லேயே சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதாவது நம் சட்ட வரம்பைத் தாண்டிய போதை. அண்ணன் அன்றைக்கு ராத்திரி எல்லையைத் தாண்டும்போது ஊதச் சொல்லியிருந்தால் சுத்தமாக, பூஜ்யம் என்று காட்டியிருக்கும். கடைசியாக எப்போது படுத்தீர்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அறுபதில் போகிற வண்டி நாலு நொடியில் 66 மீட்டர் போய்விடும், கண் சொக்குவதற்கு நாலு நொடி தாராளம்.

இதில் அரசாங்கத்தையும் விட முடியாது. தேசிய பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது, 2018-இல் எடுத்துவிட்டார்கள். அதே வருஷம்தான் அச்சு எடையைக் கூட்டி, 25 டன்னில் இருந்த டாரஸை 28.5 டன்னுக்கு ஏற்றினார்கள். ஆள் ஒன்று குறைந்தது, எடை மூன்றரை டன் கூடியது. 2021 ஜனவரியிலிருந்து, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கு ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்று ஆக்கினார்கள், அதுவரை 100. பில் காலாவதியாகிவிடும் என்று டிரைவரை விரட்ட ஆபீஸுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் கட்கரி, விமானிகளைப் போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரம் நிர்ணயிக்க வேண்டும் என்று சொன்னார், கேட்க நன்றாக இருந்தது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் பெரிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம், அதையும் குறை சொல்ல மாட்டேன், மே மாதம் கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் ஏ.சி. போட்ட கேபினில் பதினாறு மணி நேரம் வரிசையில் நின்றாலும் ரிஜிஸ்டரில் அது ஓய்வுதான். எடை அதிகம் ஏற்றினால் 20,000 ரூபாய், மேற்கொண்டு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று அபராதம் வைத்த சட்டத்தில், நேரத்தை அதிகம் ஏற்றியதற்கு அப்படி ஒரு எடைமேடை இல்லை.

ஓட்டும் நேரத்தைத் தானே பதிகிற மெஷினை வண்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு ஓனர் அண்ணன் என்னிடம் சொன்னார். அமெரிக்காவில் வைத்தார்கள். அங்கே 11 மணி நேரம் ஓட்டலாம், அதையும் டூட்டி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், பிறகு பத்து மணி நேரம் ஓய்வு. காகித லாக்புக்கை அந்த ஊர் டிரைவர்களே காமிக்ஸ் புத்தகம் என்றுதான் கிண்டல் செய்வார்களாம், அத்தனை கற்பனை. 2017 டிசம்பரில் பெரும்பாலான வண்டிகளுக்கு மின்னணு லாக் கட்டாயமானது. பொய் எழுதுவது கஷ்டமாயிற்று, சரி. ஆனால் குடோன் வாசலில் நாலு மணி நேரம் நிற்க வைத்தால் அதுவும் அந்த 14-இல் ஓடிக்கொண்டே இருக்கும், மிச்ச நேரத்தில் விரட்டி ஓட்ட வேண்டியதுதான் என்று அங்கேயும் அதே புலம்பல். மெஷின் மணியைக் காட்டும், வாசலைத் திறக்காது.

சொல்லப்போனால் நம்மிடமும் மெஷின் இருக்கிறது. ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரியிலிருந்து எல்லா வண்டிக்கும் கட்டாயம். ஒவ்வொரு டோலையும் தாண்டும்போது உங்கள் போனுக்கு மெசேஜ் வருகிறது இல்லையா, அதுதான் பொய் சொல்லாத ரிஜிஸ்டர். நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரு மாதத்து டோல் மெசேஜையும் நான் எழுதிய ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். காலை 6-க்கு வேலை தொடங்கிய டிரைவர், அதற்கு மூன்று மணி நேரம் முன்னால் விக்கிரவாண்டி டோலைத் தாண்டியிருப்பார். இதுவரை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு கோர்ட்டில் ஒரு இளம் வக்கீல் வைத்துப் பார்த்தால், பிப்ரவரி 30 என்று எழுதிய கிளார்க்கோடு நீங்களும் நிற்க வேண்டும். மோசடி ரிஜிஸ்டர் ஓனரைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் நாம் எழுதுகிறோம். காப்பாற்றும், யாரும் உற்றுப் பார்க்காத வரைக்கும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. டியூ கட்ட வேண்டும், டயர் மாற்ற வேண்டும், எஃப்.சி. காட்ட வேண்டும், இந்த வாடகைக்கு நான் வர மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் பக்கத்து ஆபீஸ்காரர் ஐந்நூறு குறைத்து வண்டியைப் போட்டுவிடுவார். கம்பெனிக்காரரிடம் போய் என் டிரைவரை ஏன் இவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்கள் என்று கேட்டால் அடுத்த மாதம் லோடு வராது. நின்ற நேரத்துக்கு ஹால்டிங் சார்ஜ் கேட்டு பில் போட்டு, அதை ஆறு மாதம் துரத்தி, கடைசியில் பாதிக்கு முடித்துக்கொண்ட கதை என்னிடமே நாலு இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை ஒரு ஓனருக்கு எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கடலூர் டி.என்.31 வண்டியும் புதுச்சேரி பி.ஒய்.01 வண்டியும் ஒரே கேட்டில்தான் நிற்கின்றன. ஒருவர் கேட்டால் லோடு போகும், எல்லோரும் கேட்டால் யாரிடம் போவார்கள்? வாடகைக்காகவும் டீசலுக்காகவும் ஒன்றாக நிற்கத் தெரிந்தவர்கள்தானே நீங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள், ‘காத்திருந்த நேரம்’ என்று. அதை ஓய்வுக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். கேட்டுக்கு வண்டி வந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி செக்யூரிட்டியிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள், அவர் போட மறுத்தால் டிரைவர் வண்டியிலிருந்தபடி கேட்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடட்டும், அதில் நேரம் விழுந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றவரை அன்று ராத்திரி ஓட்டச் சொல்லாதீர்கள், வேறு ஆளை ஏற்றுங்கள், ஆள் இல்லை என்றால் லோடு காலையில் போகட்டும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினலிலோ வேறெங்கோ பத்திரமாக நிறுத்திப் படுக்கட்டும். பேட்டாவை நடைக்கு இவ்வளவு என்று மட்டும் வைக்காமல், நிற்கும் நேரத்துக்கும் மணிக்கு இவ்வளவு என்று வையுங்கள். நடைக்குக் காசு என்றால் டிரைவரும் தூக்கத்தை விற்றுத்தான் நடையை முடிப்பார். இதில் டிரைவர்களும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை, “எழுதிக்க சார், எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன், நடையை மட்டும் எனக்குக் குடு” என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

கம்பெனிகளின் டெஸ்பாட்ச் மேனேஜர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. பதினைந்து வண்டியையும் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லாதீர்கள். உங்களால் மணிக்கு ஒரு வண்டிதான் ஏற்ற முடியும் என்பது உங்களுக்கே தெரியும். பதினைந்தாவது வண்டிக்கு ராத்திரி ஒன்பது என்று சொன்னால் அந்த மனுஷன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவார். இதற்குப் பத்து பைசா செலவு இல்லை, ஒரு போன். அப்புறம் அந்தக் கக்கூஸ் கதவு.

2024 ஜனவரியில் உயிர் போன விபத்தில் தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து வருஷம் வரை ஜெயில் என்ற புதிய பிரிவை எதிர்த்து நாட்டின் பல பக்கங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள், அந்தப் பிரிவை இன்னும் அமலுக்குக் கொண்டுவராமல் வைத்திருப்பதாகச் சொல்லித்தான் ஜூலையில் புதிய சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தின்போது நம் ஆபீஸ்களில் எல்லோரும் டிரைவர் பக்கம்தான் பேசினார்கள், பாவம், அவன் என்ன செய்வான் என்று. அதே வாரம் மாதக் கடைசி ரிஜிஸ்டரையும் எழுதி முடித்தார்கள்.

அந்த கேட் சீட்டுக்கு ஒரு மாதிரி தயார் செய்து வைத்திருக்கிறேன். பாதித் தாள் அளவு, மூன்று நேரம், இரண்டு கையெழுத்து, கீழே கிழித்துக் கொடுக்க டிரைவருக்கு ஒரு துண்டு. வேண்டியவர்கள் மஞ்சக்குப்பம் கடைக்கு வாருங்கள், முதல் நூறு சீட்டுக்குக் காசு வேண்டாம். குறிஞ்சிப்பாடி அண்ணனிடம்தான் முதலில் காட்டினேன். ‘படுத்த இடம்’ என்று இன்னொரு கட்டம் போடச் சொன்னார், போட்டிருக்கிறேன். கடை காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை, ஞாயிறு லீவு.